கம்பி யாருடையது?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஹல் என்றொரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஊர். மீன்பிடிக் கப்பல்களிலும், துறைமுகத்திலும், எண்ணெய் ஆலைகளிலும், மாவு மில்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தேய்ந்த கைகளின் ஊர். அங்கே தொழிலாளி வீட்டு வாசலில் இன்று வண்ணக் காகிதங்கள் வந்து விழுகின்றன. உங்கள் தெருவுக்கு பைபர் வந்துவிட்டது, இன்றே சேருங்கள், முதல் சில மாதங்களுக்குக் கட்டணம் குறைவு என்று அவை கூவுகின்றன.

வீட்டில் விவாதம் நடக்கிறது. எந்தக் கம்பெனி? எந்தப் பிளான்? எத்தனை வேகம்? மாதம் எவ்வளவு? பெரியவனுக்கு விளையாட்டு ஓட வேண்டும். சின்னவளுக்குப் பள்ளிப் பாடம் வர வேண்டும். அம்மாவுக்கு வேலை நேர அட்டவணையே செல்போனில்தான் வருகிறது. ஆகவே இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எதை எடுப்பது என்பதுதான்.

இதே காகிதங்கள் இன்று நம் ஊர்த் தெருக்களிலும் வருகின்றன. கேபிள்காரர் மின்கம்பத்தில் கறுப்புக் கம்பியைச் சுருட்டி மாட்டிவிட்டுப் போகிறார். மில் லைன் வீடுகளிலும், கூலி விவசாயிகள் வாழும் தெருக்களிலும்கூட "நெட் போடலாமா?" என்ற பேச்சு கேட்கிறது. இது சீமான் வீட்டு ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளிகளை மூடியபோது, பாடம் செல்போனுக்குள் போய்விட்டது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளை நாம் அறிவோம். போனே இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போனதையும் அறிவோம். பி.எப். கணக்கும், வேலைக்கு மனுவும், பரீட்சை முடிவும் கம்பி வழியாக வரும் காலம் இது.

ஆகவே எதைப் பார்த்து எடுப்பது என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரக் காகிதம் இரண்டு விஷயங்களைத்தான் கொட்டை எழுத்தில் சொல்லும்: வேகம், விலை. அது சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. வேண்டாம் என்றால் விலகி வர முடியுமா? அந்தக் கம்பி யாருடையது? முதற்கேள்வி வீட்டின் கேள்வி. இரண்டாவது ஊரின் கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹல் பட்டணத்தைப் போன்ற பாடம் வேறில்லை.

சரக்கு என்ன?

முதலில் சரக்கைப் புரிந்துகொள்வோம். பைபர் என்பது தலைமயிர் அளவு மெல்லிய கண்ணாடி இழை. பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் மின்சாரம் போயிற்று. இந்த இழையில் ஒளி போகிறது. செம்பில் தூரம் கூடக் கூடச் செய்தி நலிந்துவிடும். கண்ணாடியில் பல மைல் போனாலும் அவ்வளவாக நலியாது.

இதில் ஒரு பித்தலாட்டம் நெடுங்காலம் நடந்தது. தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடி இழை. அங்கிருந்து வீடு வரை பழைய செம்புக் கம்பி. இதையும் "பைபர்" என்றே பிரிட்டிஷ் கம்பெனிகள் விற்றன. ஆற்றில் பெரிய மதகு வைத்து, அகன்ற வாய்க்கால் வெட்டி, கடைமடை வயலுக்கு மட்டும் மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டது போன்ற கதை. கடைமடை விவசாயிக்கு ஆற்றில் எவ்வளவு வெள்ளம் போனால் என்ன? அவன் வயலுக்கு வருவது மூங்கில் குழாய் தரும் தண்ணீர்தானே! வீடு வரை கண்ணாடி இழை வந்தால்தான் அது முழு பைபர். இழை வீடு வரை போகாத இணைப்பை பைபர் என்று சொல்லி விற்கக் கூடாது என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு மேற்பார்வை ஸ்தாபனமான ஆஃப்காம் வகுத்த விதி 2024-ல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை எத்தனை குடும்பங்கள் பெயருக்குப் பணம் கொடுத்தன!

ஆகவே கேட்க வேண்டிய முதல் சாதாரணக் கேள்வி: இழை என் வீட்டுக்குள் வரை வருகிறதா, தெருமுனையோடு நிற்கிறதா?

வேகம் என்ற மயக்கம்

அடுத்து வேகம். 100, 300, 500, 1,000 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். விலையும் கூடவே ஏறும். ஜமக்காளம் நெய்ய 100-ம் நம்பர் நூல் வாங்குவார் உண்டா? பஞ்சாலைத் தொழிலாளிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்ன நெய்யப் போகிறோமோ அதற்கேற்ற நூல்.

தெளிவான சினிமாப் படம் ஒன்று ஓட 5 மெகாபிட் போதும். ஐந்து பேர் ஐந்து அறையில் ஐந்து படம் பார்த்தாலும் 25. நம் வீடுகளில் ஐந்து அறை ஏது? சாதாரணக் குடும்பத்துக்கு 50 தாராளம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் பெரிய பையன்களும் பலர் இருக்கும் வீட்டுக்கு 100 போதும். இதற்குமேல் வாங்குவது பெரும்பாலும் கம்பெனியின் லாபத்துக்காக வாங்குவதே.

எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காகிதத்தில் போட்டிருப்பது மெகாபிட். படமும் பாட்டும் அளக்கப்படுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது போல. 100 மெகாபிட் என்றால் ஒரு நொடியில் இறங்குவது பன்னிரண்டரை மெகாபைட்தான். ஆழாக்குக் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் படியென்று நினைக்க விடுவதே விற்பனைத் தந்திரம்.

இன்னொன்று: வரும் வேகம் வேறு, போகும் வேகம் வேறு. படம் பார்ப்பதற்கு வரும் வேகம். பிள்ளை தன் பாடத்தை அனுப்ப, முகம் பார்த்துப் பேச, போகும் வேகம். பல பிளான்களில் வரும் வாய்க்கால் அகலமாயும், போகும் வாய்க்கால் குறுகலாயும் இருக்கும். இரண்டையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

சிறு எழுத்தில் உள்ள சங்கதி

விலைக்கு வருவோம். பிரிட்டனில் வீட்டு இணைப்புக்கு 12 மாதம், 18 மாதம், 24 மாதம் என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். நடுவில் விலகினால் மிச்ச மாதங்களுக்கு அபராதம் கட்ட வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் மலிவு ரேட். காலம் முடிந்த பிறகு சந்தாதாரர் சும்மா இருந்துவிட்டால் பல கம்பெனிகளில் ரேட் தானாகவே ஏறும். உழைத்துக் களைத்து வருகிறவன் தேதியை மறந்துவிடுவான் என்பதே அவர்கள் போடும் கணக்கு.

ஒப்பந்தத்தின் நடுவிலும் ரேட் ஏறியது. விலைவாசி எத்தனை சதவிகிதம் ஏறுகிறதோ அத்தோடு இன்னும் 3.9 சதவிகிதம் சேர்த்து ஆண்டுதோறும் ஏற்றுவோம் என்று பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தன. 2023-ல் அது 14.4 சதவிகிதமாக வந்து தலையில் விழுந்தது. 30 பவுன் கட்டியவர் 34 பவுன் 32 பென்ஸ் கட்ட வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு 50 பவுனுக்கு மேல் அதிகம். விலைவாசிக்கு மேல் 3.9 சதவிகிதம் கூலி உயர்வு தருவோம் என்று எந்த முதலாளியாவது தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்ததுண்டா? எழுதிக் கொடுக்க மாட்டான். ஆனால் தொழிலாளியிடம் எழுதி வாங்கினான்!

ஜனங்களின் கூக்குரலுக்குப் பிறகு விதி மாறியது. 2025 ஜனவரி 17 முதல் எழுதப்படும் புது ஒப்பந்தங்களில், விலைவாசியோடு முடிச்சுப் போடக்கூடாது; ஏற்றுவதானால் எந்த மாதம், எத்தனை பவுன், எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே காசுக் கணக்கில் சொல்ல வேண்டும். ஏற்றவே கூடாது என்று விதி சொல்லவில்லை. ஏற்றுவதைச் சொல்லிவிட்டு ஏற்று என்றுதான் சொல்கிறது. ஆனாலும் இதுகூட ஜனங்கள் சும்மா இருந்திருந்தால் கிடைத்திராது.

வறிய குடும்பங்களுக்கு அங்கே சலுகைக் கட்டணம் உண்டு. சர்க்கார் உதவித்தொகை பெறுவோர் கேட்டால் குறைந்த ரேட்டில் இணைப்புத் தர வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ஆனால் தகுதியுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை எடுக்கவில்லை. ஏன்? கட்டணம் கூடிய பிளானுக்குக் கொட்டை எழுத்து. ஏழைக்கான பிளானுக்குக் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்து. தெரியாதவன் கேட்க மாட்டான். கேட்காதவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. செம்புக் கம்பியில் டெலிபோன் ஆபீசிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டெலிபோன் மணி அடித்தது. கண்ணாடியில் மின்சாரம் வராது. கரண்ட் போனால் வீட்டுப் பெட்டி அணையும். அதோடு டெலிபோனும் அணையும். கிழவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில் இது உயிர்ப் பிரச்னை. பேட்டரி ஏற்பாடு உண்டா என்று கேட்காமல் இணைப்பு எடுப்பது தவறு.

ஹல் பட்டணத்தின் கதை

இதுவரை சொன்னவை வீட்டின் கேள்விகள். இனி ஊரின் கேள்வி.

1899-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, முனிசிபாலிட்டிகள் தாமே டெலிபோன் நடத்தலாம் என்று அனுமதித்தது. தனியார் கம்பெனியின் கட்டணக் கொள்ளையைக் கண்டு கொதித்துப் போயிருந்த சில நகரங்கள் லைசென்ஸ் பெற்றன. கிளாஸ்கோ, பிரைட்டன், ஸ்வான்சி, போர்ட்ஸ்மவுத், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆகியவற்றோடு ஹல் நகரமும் இறங்கியது. 1902-ல் லைசென்ஸ், 1904 நவம்பரில் முதல் எக்ஸ்சேஞ்ச். அதைத் திறந்த இடம் ஒரு பழைய பொதுக் குளியல் கூடம்!

மற்ற நகரங்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துவிட்டன. ஹல் மட்டும் விடவில்லை. 1914-ல் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டுமானால், அந்த ஊரில் தனியார் கம்பெனி போட்டிருந்த கம்பிகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வந்தது. விலை சுமார் 1,92,000 பவுன். அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை. நகரசபை கொடுத்தது. அன்றிலிருந்து பிரிட்டன் முழுவதும் டெலிபோன் தபால் இலாகாவின் கையில் இருந்தபோதும், ஹல் ஒன்றில் மட்டும் நகர ஜனங்களின் கையில் இருந்தது. நாடெங்கும் டெலிபோன் கூண்டுகள் சிவப்பு. ஹல்லில் பாலேட்டு நிறம், அதில் ராஜ கிரீடம் கிடையாது. உள்ளூரில் பேச நிமிஷக் கணக்குப் பார்க்காத ஒரே கட்டணம் என்பது அந்த ஊரின் பெருமையாக இருந்தது.

பிறகு என்ன நடந்தது? 1987-ல் டெலிபோன் இலாகாவை ஒரு கம்பெனியாக மாற்றினார்கள். சொந்தக்காரர் நகரசபைதான், பெயர் மட்டும்தான் மாற்றம் என்றார்கள். 1999-ல் லண்டன் பங்கு மார்க்கெட்டில் பாதிக்கு மேல் விற்றார்கள். விற்றது யார்? கன்சர்வேடிவ்காரர்கள் அல்ல, நகரசபையில் பெரும்பான்மை வகித்த தொழிற்கட்சி! 2007-ல் மீதிப் பங்குகளையும் விற்றுத் தீர்த்தார்கள். 2019-ல் கேகாம் என்ற பெயரில் இருந்த அந்தக் கம்பெனியை, மக்வாரி என்ற ஆஸ்திரேலிய நிதி முதலாளித்துவ ஸ்தாபனத்தின் நிதியொன்று 62 கோடியே 70 லட்சம் பவுனுக்கு வாங்கியது.

ஒரு நூற்றாண்டு ஊர் ஜனங்கள் சந்தா கட்டி வளர்த்த மரம். அதன் நிழல் இன்று யாருக்கு?

"தனியார் வந்த பிறகுதானே பைபர் வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி; மறைக்க வேண்டியதில்லை. பைபர் வேலை 2012-ல் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு லட்சம் வீடுகளையும் கடைகளையும் எட்டி, 2019-ல் முடிந்தது. பிரிட்டனின் மற்ற நகரங்கள் அப்போது வெகுவாகப் பின்தங்கியிருந்தன. அதுவும் உண்மையே. ஆனால் அந்த வேலை எளிதானது எப்படி? தரைக்கடியில் குழாய்கள் யாருடைய காசில் போடப்பட்டவை? கம்பங்கள் யாருடைய காசில் நட்டவை? நாடு முழுவதும் கம்பி வைத்திருந்த பெரிய கம்பெனிக்கு ஹல்லில் கம்பியே இல்லாமல் போனது எதனால்? 1914 முதல் நகரம் கட்டிக் காத்த ஏகபோகம் அது. ஜனங்களின் கையில் இருந்தவரை அதன் லாபம் ஜனங்களுக்கு. முதலாளி கைக்குப் போனதும் ஏகபோகம் அப்படியே இருந்தது. லாபம் மட்டும் இடம் மாறிற்று. மற்ற ஊர்க்காரர்கள் நாலு கம்பெனிகளின் ரேட்டை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஹல் வாசிகள் நெடுங்காலம் ஒரே ஒரு கம்பெனியின் காகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

போட்டி வந்தால் தீருமா?

சமீப ஆண்டுகளில் வேறு கம்பெனிகளும் ஹல்லுக்குள் வந்துவிட்டன. ரேட்டுகள் பற்றி இப்போது பேரம் பேச முடிகிறது. வீட்டுக்காரருக்கு இது லாபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவை எப்படி வந்தன? ஒரே தெருவில், கம்பி ஏற்கெனவே தரைக்கடியில் இருக்க, புதிய கம்பெனிகள் புதிய மரக் கம்பங்களை நட்டன. வீட்டு ஜன்னலுக்கு எதிரே கம்பம். நடைபாதையில் கம்பம். ஹல்லிலும் சுற்று வட்டாரத்திலும் 2023-லும் 2024-லும் ஜனங்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்.

இது என்ன ஏற்பாடு? ஒரு தெருவுக்கு இரண்டு தண்ணீர்க் குழாய், மூன்று சாக்கடை போடுகிறோமா? ஒரு வீட்டுக்கு ஒரு கண்ணாடி இழை போதும். இரண்டாவது இழையும் மூன்றாவது கம்பமும் ஜனங்களுக்குத் தேவையில்லை. அது முதலாளிகளின் சண்டைக்குத் தேவை. அந்தச் சண்டையின் செலவையும் கடைசியில் சந்தாதாரரே கட்டுகிறார். ஒரு பொதுக் கம்பி ஊரின் சொத்தாக இருந்து, அதில் யார் சேவை நடத்தினாலும் ஊருக்கு வாடகை கட்டட்டும் என்றிருந்தால், கம்பமும் தேவைப்பட்டிராது, கலகமும் நேர்ந்திராது. அந்தக் கம்பி ஊரின் கையில் இருந்தது. விற்றுவிட்டார்கள். விற்றதன் விலை இன்று மரக் கம்பமாக ஜன்னலை மறைத்து நிற்கிறது.

உழவர்கள் வெட்டிய பள்ளம்

இதே இங்கிலாந்தில் நேர் எதிரான இன்னொரு கதையும் உண்டு. இடம் லங்காஷயர். நம் பஞ்சாலைத் தொழிலாளிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. நம் நெசவாளியின் வயிற்றில் அடித்த ஆலைத்துணி வந்த இடம். ஆனால் நாம் பேசுவது ஆலை நகரங்களைப் பற்றியல்ல. லங்காஸ்டரை அடுத்த லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆடு மாடு மேய்க்கும் கிராமங்களைப் பற்றி.

பெரிய கம்பெனிகள் அந்தக் கிராமங்களுக்குக் கம்பி போட மறுத்தன. ஒரு பண்ணை வீட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நெடுந்தூரம், செலவு அதிகம், லாபம் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் முதலாளிக்கு என்ன வேலை?

2011-ல் அந்தக் கிராமத்தார் தாமே ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சுருக்கிச் சொன்னால் "பார்ன்" என்று ஒலிக்கும். தானியக் களஞ்சியம் என்று பொருள்படும். நிலச் சொந்தக்காரர்கள் வயல் வழியே குழாய் போக வாடகை கேட்காமல் இடம் விட்டார்கள். உழவர்களும் ஊர்க்காரர்களும் மண்வெட்டியும் இயந்திரமும் எடுத்து வந்து தாமே பள்ளம் வெட்டினார்கள். ஊர்க்காரர்களே பங்குப் பணம் போட்டார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. வெளியார் வந்து ஸ்தாபனத்தை வாங்கிக்கொண்டு போக முடியாதபடி விதி செய்துகொண்டார்கள்.

ஆரம்பத்தில் மாதம் 30 பவுனுக்கு வரும் வேகமும் போகும் வேகமும் சமமாக 1,000 மெகாபிட் கொடுத்தார்கள். அப்போது பெரிய நகரங்களில் பலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை! இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன.

இதை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் போக நாம் தயாரில்லை. ஓய்வு நேரத்தில் கூலியின்றிப் பள்ளம் வெட்ட எல்லோராலும் முடியுமா? பங்கு வாங்கக் கையில் சேமிப்பு வேண்டாமா? சொந்த நிலமுள்ள உழவருக்கு இயன்றது, அன்றாடக் கூலிக்காரருக்கு இயலாது. சர்க்கார் செய்திருக்க வேண்டிய வேலையை ஜனங்கள் தம் முதுகில் சுமந்தார்கள் என்பதே உண்மை. ஆனாலும் அது ஒன்றை நிரூபித்தது. கம்பி போடுவது மந்திரவாதிகளின் வேலை அல்ல. பெரிய முதலாளி இல்லாமலே அதைப் போடலாம், நடத்தலாம், நியாய விலைக்குக் கொடுக்கலாம்.

நம் பக்கம்

நம் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் சர்க்காரே கே-ஃபோன் என்ற பைபர் அமைப்பை ஏற்படுத்தி 2023 ஜூன் 5-ந் தேதி தொடங்கியது. மின்சார வாரியத்தின் கம்பங்களும் கம்பிப் பாதைகளும் ஏற்கெனவே ஊரெங்கும் இருந்தன. அவற்றின் வழியே இழையைக் கொண்டுபோனார்கள். பொதுச் சொத்து இருந்தால் இன்னொரு பொதுச் சொத்தை எளிதில் உண்டாக்கலாம் என்பதற்கு இது சாட்சி. தொடங்கியபோது 20 மெகாபிட் பிளானின் ரேட் மாதம் 299 ரூபாய், வரி தனி.

இதிலும் குறை உண்டு. தோழமையோடு சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது லட்சியம். முதல் கட்டத்துக்கு வைத்த இலக்கு தொகுதிக்கு நூறு வீதம் 14,000 வீடுகளே. தொடக்கத்தில் ஆறு மாதப் பணத்தை ஒரே தவணையாகக் கட்டச் சொன்னார்கள். அன்றாடக் கூலி வாங்குபவன் ஆறு மாதப் பணத்துக்கு எங்கே போவான்? பொதுத்துறை என்ற பலகை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. அது கூலிக்காரன் பையின் அளவறிந்து நடக்க வேண்டும். அதை நடக்க வைப்பதும் ஜனங்களின் வேலை.

வீட்டுக்கு இணைப்பு எடுக்கப் போகும் தொழிலாளிக்கு நாம் சொல்வது இதுதான். காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். வீடு வரை இழையா? வரும் வேகம் எவ்வளவு, போகும் வேகம் எவ்வளவு? மாதத்துக்கு இத்தனை என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கிறார்களா? குறைத்தால் எவ்வளவுக்கு? வரி 18 சதவிகிதம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? சலுகை மாதங்கள் முடிந்த பிறகு எவ்வளவு? பெட்டி இலவசமா, டெபாசிட்டா? டெபாசிட் என்றால் திருப்பித் தரும் ரசீது எங்கே? வருஷப் பணத்தை முன்கூட்டிக் கட்டச் சொன்னால், கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் யாரிடம் கேட்பது? கம்பி அறுந்தால் எத்தனை நாளில் வருவார்கள்? புகார் நம்பர் கொடுப்பார்களா? வேண்டாம் என்றால் எப்படி விலகுவது?

குத்தகைச் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லாமல் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. ஒரு சீட்டைப் பத்துப் பேர் கூடிப் படித்தால் எறும்பு எழுத்தும் பெரிதாகத் தெரியும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் "இதுதான் ரேட்" என்பான். ஒரு லைனில் உள்ள நாற்பது வீட்டாரும் சேர்ந்து போய்க் கேட்டால் ரேட்டும் இறங்கும், ரிப்பேருக்கு ஆளும் சீக்கிரம் வரும். சங்கம் வைத்துக் கூலி பேசியவர்களுக்குச் சேர்ந்து நின்று சந்தா பேசவா தெரியாது?

ஒன்றை மறக்க வேண்டாம். கம்பி அறுந்தால் கம்பத்தில் ஏறும் பையன் மீது கோபத்தைக் காட்டாதீர்கள். மழையில் கம்பத்தில் ஏறி நிற்கும் அவனும் கூலிக்காரன்தான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கம்பியைப் பற்றிக் கேளுங்கள்.

இவையெல்லாம் வீட்டின் வேலை. இவற்றோடு நின்றுவிட்டால் நாம் நல்ல வாடிக்கைக்காரர்கள் ஆவோம். அதற்கு மேல் ஒன்றும் ஆகமாட்டோம். ஹல் பட்டணத்துத் தொழிலாளி இன்று பத்துப் பிளான்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவன் பாட்டன் கையில் இருந்த உரிமை அவனிடம் இல்லை. பாட்டன் பிளானைத் தேர்ந்தெடுக்கவில்லை; டெலிபோனை நடத்துகிற நகரசபையையே தேர்ந்தெடுத்தான். ரேட் அதிகமென்றால் ஓட்டுக் கேட்டு வருகிறவனை வாசலிலே நிறுத்திக் கேட்க முடிந்தது. இன்று அந்தக் கேள்வியை எங்கோ இருக்கும் நிதி ஸ்தாபனத்தின் வாசலில் யார் போய்க் கேட்பது?

நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் சர்க்கார் செலவில் கண்ணாடி இழை போடும் வேலை 2011 முதல் திட்டமிட்டு நடந்து வருகிறது. அந்த இழை பஞ்சாயத்து ஆபீஸ் அலமாரியோடு நின்றுவிடுகிறதா, பள்ளிக்கூடத்துக்கும் நூல்நிலையத்துக்கும் கூலிக்காரன் குடிசைக்கும் போகிறதா? அதை நடத்துவது யார்? நாளை விற்றுவிடாமல் காப்பது யார்? கிராம சபையில் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும். கட்டி முடிக்கும் வரை பொதுப் பணம், கட்டி முடித்த பிறகு தனியார் லாபம் என்ற பழைய நாடகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பிளானைப் பார்த்து எடுங்கள், தோழர்களே. சிறு எழுத்தைப் படித்து எடுங்கள். சேர்ந்து நின்று எடுங்கள். எடுத்துவிட்டு, வாசலில் வந்து நிமிர்ந்து கம்பத்தைப் பாருங்கள். அந்தக் கம்பி யாருடையது என்று கேளுங்கள்.